பாயிண்ட் லிவரும் ஆபரேட்டரக்காவும்

முதலாளி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆபரேட்டரக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சார் மெட்ராஸ் போயிருக்காருங்க, நாளைக்குத்தான் வருவார்" என்று போனில் சொல்வாள். முதலாளி சத்தம் வராமல் டீயை விழுங்குவார். அக்கா அத்தோடு விடமாட்டாள். போகிற அவசரத்தில் மூக்குக் கண்ணாடியைக்கூட மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், பாவம், என்று சேர்த்துக்கொள்வாள். அந்தப் பக்கம் இருப்பவர் கண்ணாடிக்காக இரக்கப்பட்டு போனை வைத்துவிடுவார்.

பொய் என்றால் அதற்குள் தேவையில்லாத சாமான் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. தேவையானது மட்டும் இருந்தால் அது பொய் என்று யாருக்கும் தெரிந்துவிடுமாம்.

ஒரகடம் கூட்ரோட்டிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஃபவுண்டரி. பம்ப் உறைகளும் சாக்கடை மூடிகளும் வார்ப்போம். இன்றைக்கு அந்தப் பக்கம் திரும்புகிற இடமெல்லாம் கம்பெனி பஸ் நிற்கிறது. தொண்ணூற்றி ஒன்றில் எங்களை விட்டால் இன்னும் ரெண்டு மூன்று ஷெட், மீதியெல்லாம் வயல். நான் அங்கே டைப்பிஸ்ட். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவேன். அக்கா பெரம்பூர்க்காரி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தாள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்குப் பேர் ஒன்று உண்டு. நான் டைப் அடிக்கிற ஊழியர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

போனில் பேசினால் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். கீழே வைத்த அடுத்த நொடி, "இன்னாடி, டீக்காரன் வந்துட்டானா?" என்பாள். ரெண்டு குரலும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன என்று நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவளுடைய போன் போர்டின் ஓரத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று செருகியிருக்கும். முதலில் அதைக் கை பம்ப் என்று நினைத்தேன். தரையில் ஒரு இரும்புப் பெட்டி, அதிலிருந்து சாய்வாக நீண்ட ஒரு கை, கையின் நுனியில் அரைப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு எடை. கேட்டதற்கு பாயிண்ட் லிவர் என்றாள். தண்டவாளம் ரெண்டாகப் பிரிகிற இடத்தில் இருப்பதாம். அந்தக் கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினால் தண்டவாளத்தின் கூர் நகரும், ரயில் வேறு பாதைக்குப் போய்விடும். பெரிய ஸ்டேஷன்களில் இதையெல்லாம் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டே இழுக்கிறார்கள், சின்ன ஸ்டேஷன்களில்தான் இன்னும் ஆள் நடந்துபோய் குனிந்து தள்ள வேண்டும் என்று விளக்கினாள். இதைப் போய் எதற்குப் படம் எடுக்கிறாய் என்று கேட்டேன். அப்பா கரி எஞ்சின் டிரைவர், சின்ன வயதில் அவர் மடியில் உட்கார்ந்து போவேன் என்று கண் கலங்கச் சொன்னாள். எனக்கும் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் மோல்டிங் மேஸ்திரியிடம், தம்பி ரயில்வேயில் இன்ஜினீயர், அவன் கேட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேண்டீன்காரரிடம், ஜெர்மனியில் ஒருவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார், அவருக்குப் பூனை முடி ஆகாது என்றாள். பூனை முடி வந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்று மதியம் நேராகவே கேட்டேன், அப்பா டிரைவர் என்றதும் பொய்தானா என்று. அப்பாவுக்கு பின்னி மில்லில் வேலை, ரயில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்றாள். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். சனிக்கிழமை ஆபீசுக்கு அரை நாள். மதியம் ஒரு மணிக்குப் போன் லைனை முதலாளி அறைக்கே நேராகப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். வாலாஜாபாத் பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போனோம். அரக்கோணம் செங்கல்பட்டு பாதையில் ஒரு குட்டி ஸ்டேஷன். அதன் பேர் வேண்டாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் வெள்ளை யூனிபாரத்தில், புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். ரெண்டு நாற்காலி துடைத்துப் போட்டிருந்தது. எலுமிச்சை ஜூஸ் வந்தது. ரயில்வே மேலதிகாரிகள் இருக்கும் டிவிஷன் ஆபீஸ் எப்படி இருக்கிறது என்று பயபக்தியோடு விசாரித்தார். நான் ஜூஸைக் கீழே வைத்துவிட்டேன். அவர் உள்ளே போன நேரம் பார்த்து அக்காவிடம் கேட்டேன். முந்தின நாள் ஃபவுண்டரியிலிருந்து இங்கே போன் போட்டு, "போட்டோகிராபர் மேடம் நாளைக்கு வராங்க, கொஞ்சம் ஒத்துழைப்பு குடுங்க" என்று ரேடியோக் குரலில் சொன்னாளாம். டிவிஷனிலிருந்து என்று தான் சொல்லவேயில்லை, அவராக நினைத்துக்கொண்டால் அது அவர் பாவம் என்றாள்.

பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். காக்கி அரைக்கை சட்டை, தலையில் துண்டு, அதிகம் பேசாத மனிதர். அவரை அந்த லிவரைத் தள்ளச் சொல்லிவிட்டு அக்கா தண்டவாளத்துக்கு நடுவே குந்தி உட்கார்ந்துவிட்டாள். அவள் கேமரா ஒரு டப்பா கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். அதனால் முதலில் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். எடை மேலே எழுந்து, உச்சியில் ஒரு நொடி எந்தப் பக்கம் விழலாம் என்று யோசிப்பது போல நின்று, பிறகு தொம்மென்று அந்தப் பக்கம் சாயும். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு வேண்டும். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அந்த மனிதரைப் பதினோரு முறை தள்ள வைத்தாள்.

அப்போது ஜல்லி ஏற்றிக்கொண்டு ஒரு கரி எஞ்சின் வந்து நின்றது. அந்தப் பாதையில் அதுவே அபூர்வம். புகையும் நீராவியுமாக, கோயில் யானை மூச்சு விடுகிற மாதிரி. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிப்போய் எஞ்சினுக்கு முன்னால் பச்சைக் கொடியோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றார். அக்கா எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லிவரை எடுத்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் அவர் பக்கம் திரும்பி, "சிரிங்க சார்" என்று ஒரு கிளிக். அதற்குள் ரோல் தீர்ந்துபோயிருந்தது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

மாதம் ஒரு சனிக்கிழமை என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் தன் படத்தைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் அந்தப் படத்துக்கு ஒரு விபத்து நேர்ந்திருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் போவேன். சனிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போனால் பெண் பார்க்க யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். அதைவிட இது மேல்.

ஏப்ரல் மாதம் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு உறையைக் கொண்டுவந்து அக்கா கையில் இரண்டு கையாலும் கொடுத்தார். மாற்றல் கேட்டு எழுதிய மனு. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விளங்கவில்லை. இரண்டு வருடமாக எழுதுகிறார், பதிலே இல்லை. மேடம் டிவிஷனில் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும் என்றார். அக்கா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் அவளோடு சண்டை போட்டேன். வராத போட்டோவுக்குக் காத்திருப்பது வேறு, இது வேறு, அந்த அம்மாவுக்குச் சோறு ஊட்ட ஆள் இல்லை என்கிறார், நீ வாங்கி வைத்துக்கொள்கிறாய் என்றேன். பதிலுக்கு ஒரு பொய் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிவிஷன் ஆபீசுக்குப் போன் போட்டாள். ரேடியோக் குரல் இல்லை, பெரம்பூர்க் குரல். ஒரகடத்தில் ஒரு ஃபவுண்டரியில் டெலிபோன் ஆபரேட்டர், இன்ன ஸ்டேஷன் மாஸ்டருடைய மனு என்ன ஆயிற்று என்று கேட்டாள். நீ யார் கேட்பதற்கு என்றார்கள். மறுநாள் பத்து மணிக்கு மறுபடி. அதற்கு மறுநாளும். அந்தப் பக்கத்து கிளார்க் பத்து மணியானால் சீட்டை விட்டு எழுந்துபோக ஆரம்பித்தார். அவள் பத்தேகாலுக்குப் போட்டாள். மூன்றாவது வாரம் அவர் மனுவைத் தேடி எடுத்து மேலே அனுப்பிவிட்டு, தயவுசெய்து இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மே முதல் வாரத்தில் மாற்றல் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அக்கா ஒரு முழு ரோலையும் அவருக்கே செலவழித்தாள். கொடியோடு, கொடி இல்லாமல், நாற்காலியில், பெட்டி படுக்கையோடு. பன்னிரண்டு படத்தையும் தபாலில் அனுப்பிவைத்தாள். அக்கா டிவிஷன் ஆள் இல்லை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்த உபகாரம் எங்களுக்கே வந்து விடிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸை நிறுத்தி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள். அறிமுகமில்லாத பெண், கையில் கேமரா என்றாலே போலீஸ் பிடித்து விசாரிக்கும். போக வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஜூன், ஜூலை பொறுத்தாள். ஆகஸ்டில் கிளம்பிவிட்டாள், நானும் போனேன். ஸ்டேஷனில் புதிய மாஸ்டர். இளைஞர், விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர். அக்கா போட்ட போனுக்கு, எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் அவள் சொல்லவில்லை. அக்கா குந்தி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே போய் வேறொரு போன் போட்டார். அரை மணியில் ஜீப் வந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெண் போலீஸ் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். கேமராவைக் கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்கள். எனக்கு வீட்டு நினைப்புத்தான். சேதி வடக்குப்பட்டுக்குப் போனால் வேலையும் போச்சு, பெண் பார்க்க வருகிறவர்களும் போச்சு. அக்கா மடியில் கை வைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன பொய் தயார் செய்கிறாளோ, அதற்குள் என்ன பூனை முடி வைக்கிறாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் படங்கள் ஈரத்தோடு வந்தன. இன்ஸ்பெக்டர் பன்னிரண்டையும் மேஜை மேல் பரப்பினார். பன்னிரண்டும் லிவர். தூக்கத்துக்கு ஏங்குகிற கண்கள் அவருக்கு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ரயிலைக் கவிழ்க்கிற இடத்தை மட்டும் பன்னிரண்டு படம் எடுத்திருக்கிறீர்கள், எதற்கு, யார் சொல்லி, என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் அக்கா. "எனக்குப் புடிச்சிருக்கு. அதான் எடுக்கறேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளிடம் கேட்ட எல்லாப் பதில்களிலும் இதற்குத்தான் நம்பும்படியான முகம் இல்லை. இன்ஸ்பெக்டரும் நம்பவில்லை. பிடித்திருக்கிறது என்று இரும்பை யாரம்மா படம் எடுப்பார்கள், விளையாடுகிறாயா என்று குரலை உயர்த்தினார். அக்கா மறுபடியும் அதையேதான் சொன்னாள். வேறு எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

அப்போதுதான் நான் என் வாழ்க்கையில் முதல் பொய்யை ஒரு போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். எங்கள் ஃபவுண்டரியில் இந்த மாதிரி எடை வார்க்கப்போகிறோம், அளவு தெரிவதற்காக முதலாளிதான் படம் எடுத்துவரச் சொன்னார், அதற்கான கடிதத்தை நானே டைப் அடித்தேன், ரிப்பன் கிழிந்து இரண்டு தரம் அடிக்க வேண்டியதாயிற்று என்றேன். ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

இன்ஸ்பெக்டர் ஃபவுண்டரி நம்பரைக் கேட்டு வாங்கிச் சுழற்றினார். அக்கா என் கையைப் பிடித்தாள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் லைன் நேராக முதலாளி அறைக்குப் போகும். அவருக்கு இது எதுவும் தெரியாது. மணி அடித்தது. எடுத்தார். உலைச் சத்தத்தோடு பேசிப் பழகிய மனிதர், ரிசீவரைத் தாண்டி எங்களுக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் தான் யார் என்று சொல்லி முதலாளியைக் கேட்டார். முதலாளி தொண்டையைச் செருமிக் குரலை மாற்றிக்கொண்டார்.

"மொதலாளி மெட்ராஸ் போயிருக்காருங்க. நான் வாட்ச்மேன் பேசறேன்."

பெஞ்சில் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து பெண் போலீஸ் தண்ணீர் எடுத்துவரப் போனாள். ரயில் லிவர் படம் எடுக்க ஆள் அனுப்பினார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆபரேட்டர் அம்மாதானே, அது எப்போதும் அந்த லிவர் படத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கும், ரொம்ப நல்ல அம்மா, "டெஃபனட்டா கம்பெனி வேலையாத்தான் இருக்கும்" என்றது அந்தப் பக்கம்.

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். பிறகு, உங்கள் வாட்ச்மேன் நல்ல படிப்பாளி போலிருக்கிறது என்றார். அந்த வருடத்தில் அவர் சிரித்தது அன்றுதானோ என்னவோ, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார். இனி ரயில்வேயில் முறையாக அனுமதி வாங்காமல் அந்தப் பக்கம் போனால் இந்த வாட்ச்மேனும் காப்பாற்ற முடியாது என்று எச்சரித்தார். பதினோரு படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றை, எடை உச்சியில் நிற்கிற படத்தை, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்.

பஸ் ஸ்டாப்பில் அவளைக் கேட்டேன், ஆயிரம் பொய் சொல்கிறவளுக்கு அங்கே ஒன்று கிடைக்கவில்லையா என்று. பயத்தில் எல்லாம் மறந்துபோய் உண்மை மட்டும்தான் மிச்சம் இருந்தது என்றாள். அப்பா, தம்பி, ஜெர்மன்காரர் எல்லாம் எதற்கு, முதலிலிருந்தே அதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"போடி. அப்பாவுக்காகன்னா நாற்காலி போடுவான். தம்பிக்காகன்னா கேட்டைத் தெறப்பான். எனக்குப் புடிச்சிருக்குன்னா, இன்னா சொன்னான் பாத்தியா?"

திங்கட்கிழமை முதலாளி எங்களைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சுக்குக் காப்பி மட்டும் கேட்டார். அன்று மதியம் அக்கா ரயில்வேக்கு அனுமதி மனு சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். படம் எடுப்பதன் நோக்கம் என்ற இடத்தில் நின்றேன். என்ன போடுவது என்று கேட்டேன். பிடித்திருப்பதால் என்று போடச் சொன்னாள். போட்டேன். கம்பெனி தாள் என்பதால் முதலாளி கையெழுத்து வேண்டும். அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார், அக்காவைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அனுமதி வருவதற்குள் அவளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஃபவுண்டரிக்குத் தானாகவே லைன் கொடுக்கிற மெஷின் வந்தது. அவள் திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போனபின் முதலாளி வெளிநபர்களிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாடு கொஞ்சமல்ல.

அனுமதி அக்டோபரில் வந்தது. ஒரு நாளைக்கு மட்டும், முத்திரையோடு. அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் அந்த விதிப்புத்தக மாஸ்டர் லீவு. மாற்று ஆளாக வந்தவர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், கையைக் காட்டிப் போகச் சொன்னார். காகிதத்தைக் கேட்க ஆளில்லை. அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் இங்கும் அங்கும் நடந்தாள். கடைசியில் பாயிண்ட்ஸ்மேனிடம் போய் நீட்டினாள். தனக்குப் படிக்க வராது என்றார். படித்துக் காட்டு என்று என்னிடம் கொடுத்தாள். நான் அவருக்கு முழுவதும் வாசித்தேன், நோக்கத்தையும் சேர்த்து.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "எனக்கு இத்தக் கண்டா ஆவாதும்மா. தோள்பட்டை பூட்டே கழண்டுபோச்சு. நீ வேணா தள்ளிப் பாரேன்" என்றார்.

அது ரயில் வராத பக்கத்து லைன். அவர் லிவரின் பூட்டைத் திறந்துவிட்டார். அக்கா கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டு, புதுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு லிவரைப் பிடித்தாள். முதல் முறை அசையவில்லை. இரண்டாம் முறை பாதி எழுந்து திரும்ப விழுந்தது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தாள். எடை மேலே எழுந்து, நின்று, தொம்மென்று அந்தப் பக்கம் போனது. அவளும் கூடவே போய் ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. நான் கிளிக் செய்ய மறந்துபோய் நின்றேன்.

பாயிண்ட்ஸ்மேன் குனிந்து கேட்டார், "இப்பவும் புடிச்சிக்கீதா?"

அவள் தோளைத் தடவிக்கொண்டே அந்த லிவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"சே, சுத்தமாப் புடிக்கல" என்றாள்.

அவள் சொல்லி நான் கேட்ட பொய்களிலேயே படுமோசமானது அதுதான். பாயிண்ட்ஸ்மேன்கூட நம்பவில்லை.